பகிடிப் பாட்டுக்காரரின் முதற் பாட்டு

1985ஆம் ஆண்டின் பனிக்காலம். இலண்டன் மாநகரில் ஓர் உணவகத்தின் பின்புறத்தில், ஆவி பறக்கும் தொட்டியின் முன்னால் நின்று கோப்பை கழுவுவதே அந்நாளில் எமது உத்தியோகம். அந்த உத்தியோகத்தை வாசகர்களுக்கு விளக்கவேண்டிய அவசியமில்லை. சமையலறையின் மூலையில் எண்ணெய்ப் பிசுக்கேறிய வானொலிப் பெட்டி ஒன்று காலை முதல் இரவு வரை பாடிக்கொண்டேயிருக்கும். ஒருநாள் இரவு, வேலை முடியும் தறுவாயில், அதில் ஒரு பழைய பாட்டு வந்தது. வந்ததுதான் தாமதம், சமையற்காரர் நால்வரும் கரண்டிகளால் சட்டி மூடிகளைத் தட்டத் தொடங்கினார்கள். அந்தப் பாட்டு இடையிடையே சற்றே நின்று, கேட்போர் கூவுவதற்கு இடம் விடும். அந்த இடம் வந்தபோதெல்லாம் நால்வரும் எம் பக்கமாகத் திரும்பி "ஏய்!" என்று ஒரே குரலில் கூவினார்கள். நாமும் மரியாதைக்குச் சிரித்தோம். அடுத்த தடவை நாமும் சேர்ந்து கூவினோம். அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

நள்ளிரவுப் பேருந்தில் அறைக்குத் திரும்புகையில் மனதுக்குள் ஏதோ அரித்தது. பாடியவரின் ஆங்கிலம் வெள்ளைக்காரரின் ஆங்கிலமாக இருக்கவில்லை. இலக்கணம் பிசகிய, சொற்களின் வால் அறுந்த, எமது ஆங்கிலத்தைப் போன்றதோர் ஆங்கிலம். அப்படியானால் அவர்கள் எம்மைத் தம்மில் ஒருவராகச் சேர்த்துக்கொண்டு சிரித்தார்களா, அல்லது எம்மைப் பார்த்துத்தான் சிரித்தார்களா? அன்று அதற்கு விடை கிடைக்கவில்லை. பாடியவரின் கதையை அறிந்துகொள்வதற்கு எமக்குப் பல ஆண்டுகள் சென்றன. அறிந்த பின்னர் அந்தக் கேள்வி வேறொரு கேள்வியாக மாறிவிட்டது.

பாட்டின் பெயர் 'ஷட்டப் யூ பேஸ்'. பாடியவர் ஜோ டொல்சே. பெயரிலேயே பிழை இருப்பதைக் கவனியுங்கள். 'உன்னுடைய' என்ற பொருள் தரவேண்டிய சொல்லின் கடைசி எழுத்தைக் காணவில்லை. பாதி பேச்சும் பாதி பாட்டுமாகச் செல்லும் இந்தப் பாட்டில் வருபவன் ஓர் இத்தாலியக் குடும்பத்துப் பையன். படிப்பில் அவனுக்கு மனமில்லை. தாய் அவனை ஏசுகிறாள். என்ன குறை உனக்கு, முகத்தை ஏன் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கிறாய், வாயை மூடு என்கிற மாதிரியான ஏச்சு. அந்த ஏச்சே பாட்டின் பல்லவி. மெட்டோ ஐந்து வயதுக் குழந்தையும் ஒருமுறை கேட்டதும் பிடித்துக்கொள்ளக் கூடியது. இதைப் பெரிய இசை என்று எவரும் சொன்னதில்லை, நாமும் சொல்ல வரவில்லை.

ஆனால் இந்தச் சின்னப் பாட்டு செய்த காரியம் சின்னதன்று. 1980ஆம் ஆண்டு நவம்பரில் அவுஸ்திரேலிய விற்பனைப் பட்டியலின் முதலிடத்தில் ஏறி உட்கார்ந்து 8 வாரங்கள் இறங்க மறுத்தது. அந்த நாட்டில் மாத்திரம் இலட்சக்கணக்கான இசைத்தட்டுகள் விற்றன. அதற்கு முன்னர் அங்கு உருவான பாட்டுகளில் அதிகம் விற்றது என்ற பெருமை, ஸ்லிம் டஸ்ரி 1957இல் பாடிய 'அ பப் வித் நோ பியர்' என்ற நாட்டுப்புறப் பாட்டுக்கு இருந்தது. பியர் தீர்ந்துபோன ஒரு மதுச்சாலையின் சோகத்தைப் பாடும் அந்தப் பாட்டு, அவுஸ்திரேலியரின் நெஞ்சுக்கு எவ்வளவு நெருக்கமானது என்பதை நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அதனையே ஓர் இத்தாலியத் தாயின் ஏச்சு முந்திவிட்டது.

1981ஆம் ஆண்டு பெப்ரவரியில் பாட்டு பிரித்தானியாவுக்குள் நுழைந்தது. அந்த மாதங்களில் இந்நாடு துக்கத்தில் இருந்தது. ஜோன் லெனன் 1980 டிசம்பர் 8ஆம் திகதி நியூ யோர்க்கில் சுட்டுக்கொல்லப்பட்டிருந்தார். புத்தாண்டு பிறந்து சில நாட்களிலிருந்து அவருடைய 'இமாஜின்', 'வுமன்' ஆகிய பாட்டுகளே அடுத்தடுத்து முதலிடத்தில் நின்றன. அந்த இழவு வீட்டுக்குள்தான் டொல்சே கூவிக்கொண்டு வந்தார். மூன்று வாரங்கள் முதலிடம் அவருடையதாயிற்று. அவருக்கு அடுத்து வந்ததும் லெனனின் பாட்டுத்தான். அவரது நினைவுக்காக ரொக்ஸி மியூசிக் குழுவினர் பாடிய 'ஜெலஸ் கை'.

அந்த மூன்று வாரங்களும் இரண்டாம் இடத்தில் காத்துக்கிடந்த பாட்டு எது என்பதை இங்கு வளர்ந்த எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். அல்ட்ராவொக்ஸ் குழுவின் 'வியன்னா'. மிட்ஜ் யூரின் குரலில் கம்பீரமாக எழும் அந்தப் பாட்டு மொத்தம் நான்கு வாரங்கள் இரண்டாம் இடத்தில் நின்றது. முதல் வாரம் வழிமறித்தவர் லெனன். எஞ்சிய மூன்று வாரங்களும் டொல்சே. ஒருநாளேனும் அது முதலிடத்தைத் தொடவில்லை. பிரித்தானியர் இதனை ஓர் அநீதியாகவே மனதில் வைத்திருந்தார்கள். 30 ஆண்டுகள் கடந்த பின்னர் பிபிசி வானொலியின் நேயர்கள் வாக்களித்து, இரண்டாம் இடத்தோடு நின்றுபோன பாட்டுகளில் 'வியன்னா'வே தமக்கு மிகவும் பிடித்தது என்று தீர்ப்புச் சொன்னார்கள். அதற்குக் கௌரவ முதலிடமும் வழங்கப்பட்டது. ஒரு தாயின் ஏச்சுக்கு எதிராக 30 ஆண்டுகள் மேன்முறையீடு நடத்திய நாட்டை வேறெங்கும் கண்டதில்லை.

இனி இந்த மனிதர் யார் என்பதற்கு வருவோம்.

டொல்சே இத்தாலியில் பிறந்தவருமல்லர், அவுஸ்திரேலியாவில் பிறந்தவருமல்லர். 1947ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கு அண்மையிலுள்ள பெயின்ஸ்வில் என்ற சிற்றூரில் இத்தாலிய வழிவந்த குடும்பத்தில் பிறந்தவர். ஆங்கிலம் அவருக்குத் தாய்மொழி. 1970களின் இறுதியில் மெல்பேர்ண் நகருக்குக் குடிபெயர்ந்தார். பாட்டில் வரும் அந்த உடைந்த ஆங்கிலம் அவருடைய சிறுபிராயத்து வீட்டு மொழி. பல்லவியில் உள்ள ஏச்சுச் சொற்கள் தம் பாட்டனும் பாட்டியும் வீட்டில் வாய்க்கு வாய் சொல்லிவந்தவை என்று அவரே கூறியிருக்கிறார். பாட்டனார் காலத்தில் வீட்டுக்குள் கேட்ட சத்தத்தை, பேரனார் கடல் கடந்து இன்னொரு கண்டத்தின் மேடையில் ஏற்றியிருக்கிறார்.

அந்தக் கண்டத்தில் அப்போது அந்தச் சத்தத்துக்குப் பஞ்சமிருக்கவில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அவுஸ்திரேலியாவுக்கு ஆட்கள் வேண்டியிருந்தது, இத்தாலியருக்குச் சோறு வேண்டியிருந்தது. 1951இல் இரு அரசுகளும் குடிவரவு உடன்படிக்கை செய்துகொண்டன. 1947இல் சுமார் 33,000 ஆக இருந்த இத்தாலியில் பிறந்தோரின் தொகை 1971இல் 289,000க்கு மேற்பட்டது. குவீன்ஸ்லாந்தின் கரும்புத் தோட்டங்களிலும், ஸ்னோயி மலைகளில் நீர்மின் திட்டத்துக்காகக் குடைந்த சுரங்கங்களிலும், மெல்பேர்ணின் தொழிற்சாலைகளிலும் அவர்கள் உழைத்தார்கள். அவர்களைக் குறிக்க 'வொக்' என்றொரு இழிசொல் இருந்தது. பள்ளிக்கூடத்தில் உணவுப் பொதியைத் திறக்கும்போது சலாமியின் வாசம் வெளியே வந்துவிடுமே என்று அஞ்சிய பிள்ளைகளைப் பற்றி அந்தத் தலைமுறையினர் நிறையவே சொல்லியும் எழுதியும் இருக்கிறார்கள். சலாமி இருந்த இடத்தில் கருவாட்டுக் குழம்பை வைத்துப் பார்த்தால் எம் வாசகர்களுக்குக் கதை விளங்கிவிடும்.

மொழியை வைத்து மனிதனை அளப்பது அந்நாட்டுக்குப் புதிதன்று. 1901ஆம் ஆண்டின் குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் நிறம் பற்றி ஒரு சொல்லும் இருக்கவில்லை. சொல்வதெழுதுதல் பரீட்சை ஒன்றுதான் இருந்தது. ஏதேனும் ஓர் ஐரோப்பிய மொழியில் 50 சொற்களை அதிகாரி வாசிப்பார். வந்தவர் பிழையின்றி எழுதவேண்டும். எந்த மொழி என்பதைத் தெரிவுசெய்வது அதிகாரியின் உரிமை. 1934இல் நாசிகளுக்கு எதிராகப் பேச வந்த எகொன் கிஷ் என்ற எழுத்தாளர் பல ஐரோப்பிய மொழிகள் அறிந்தவர் என்பதால், அவருக்கு ஸ்கொத்லாந்தின் கேலிக் மொழியில் பரீட்சை வைத்தார்கள். 1958இல்தான் இந்தப் பரீட்சை கைவிடப்பட்டது. நேர்முக விசாரணை அறையில் மொழிபெயர்ப்பாளரின் முகத்தைப் பார்த்தபடி எம் விதியை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தவர்கள் நாம். இந்தச் செய்தி எமக்குச் சிரிப்பூட்டுவதற்குச் சற்று நேரம் பிடிக்கிறது.

இத்தாலியரின் குரல் அவுஸ்திரேலியரிடையே பகிடியாகப் புகழ்பெற்றதும் டொல்சேயோடு தொடங்கியதன்று. 1957இல் 'தே'ர் அ வியர்ட் மொப்' என்ற நகைச்சுவை நாவல் வெளிவந்து அமோகமாக விற்றது. புதிதாக வந்திறங்கிய நீனோ கியூலோட்டா என்ற இத்தாலியர் தம் அனுபவங்களைத் தாமே சொல்வதாக அமைந்த நூல். அட்டையிலும் அதே பெயர்தான். உண்மையில் எழுதியவர் ஜோன் ஓ'கிரேடி என்ற அவுஸ்திரேலியர். இத்தாலியரின் வாயால் பேச இத்தாலியரே தேவைப்படவில்லை. அந்த வகையில் பார்த்தால் டொல்சேயின் பாட்டு ஒருபடி முன்னேற்றம் என்பது எமது எண்ணம்.

பாட்டு பிறந்த இடம் மெல்பேர்ணின் பிற்ஸ்றோய் பகுதி. வாடகை மலிவு என்பதனால் ஒரு பக்கம் குடியேறிய தொழிலாளரும் மறு பக்கம் நாடகக்காரர், பாட்டுக்காரர், கவிஞர் முதலியோரும் கலந்து வாழ்ந்த இடம். அங்கு டொல்சே தாம் நடத்திய ஒரு சிறு இசை நாடகக் காட்சியில் 'கியூசெப்பே' என்ற இத்தாலியப் பாத்திரமாகத் தோன்றுவார். அந்தப் பாத்திரத்துக்காக 1979இல் எழுதியதே இந்தப் பாட்டு. கூட்டத்தினர் இடையில் கூவுவதற்கு இடம் விட்டதும் மேடைக்கென்று செய்த உத்திதான். பின்னர் மைக் பிரேடி என்பவரின் சிறிய நிறுவனம் அதனை இசைத்தட்டாக வெளியிட்டது. அவுஸ்திரேலியாவின் பல்லினத் தொலைக்காட்சியான எஸ்.பி.எஸ் சிட்னியிலும் மெல்பேர்ணிலும் முதன்முதலாக ஒளிபரப்பைத் தொடங்கியது 1980 ஒக்ரோபர் 24ஆம் திகதி. அடுத்த மாதமே இந்தப் பாட்டு முதலிடத்துக்கு வந்தது. குடிவந்தவரின் குரலும் இந்நாட்டின் குரலே என்று அரசாங்கம் முறைப்படி அறிவித்த அதே பருவத்தில், அந்தக் குரல் பகிடியாகவும் வீடுவீடாகப் புகுந்தது. எது அதிகம் பேரைச் சென்றடைந்தது என்று கேட்டால் விடை சங்கடமானது.

பாட்டைக் கேட்டுப் புண்பட்ட இத்தாலியர் இல்லாமல் இருந்திருக்க முடியாது. மேடையில் பேரன் பாடும்போது அது பாசம். மறுநாள் பள்ளிக்கூட முற்றத்தில் நான்கு பையன்கள் ஒரு பையனைச் சூழ்ந்துகொண்டு அதையே பாடும்போது அது வேறு. பாட்டு எழுதியவரின் கையை விட்டுப் போன பின்னர் அது எந்த வாயில் விழும் என்பதை எவர் தடுக்க இயலும்? எம் சமையலறையில் விழுந்ததும் அப்படித்தான்.

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை சொல்லியாகவேண்டும். டொல்சேயின் இசைத்தட்டு பிரித்தானியாவில் வெளிவருவதற்கு முன்னரே, அதே பாட்டை இங்கு இன்னொருவர் பாடிப் பதிவு செய்துவிட்டார். அவர் அன்ட்ரூ சாக்ஸ். 'போல்ட்டி டவர்ஸ்' என்ற தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில், முதலாளியிடம் அடியும் உதையும் வாங்கும் மனுவேல் என்ற பரிசாரகனாக நடித்தவர். பார்சலோனாவிலிருந்து வந்த மனுவேலுக்கு ஆங்கிலம் விளங்காது; அதுதான் பகிடி. 1975இலும் 1979இலும் ஒளிபரப்பான 12 அங்கங்களே கொண்ட அந்தத் தொடரை இங்கு மீண்டும் மீண்டும் போட்டுச் சிரித்தார்கள். மனுவேலின் குரலிலேயே சாக்ஸ் இந்தப் பாட்டைப் பாடியிருந்தார். டொல்சே நீதிமன்றம் சென்று, தமது பாட்டுக்கு முன்னர் அது வெளிவராதபடி தடையுத்தரவு பெற்றார். பின்னர் வெளிவந்தபோது அதனை எவரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

உடைந்த ஆங்கிலத்துக்கு உரிமை கோரி இருவர் வழக்காடியதே வேடிக்கைதான். அதைவிட எம்மைத் தொட்டது வேறொன்று. மனுவேலாக நடித்த சாக்ஸ் ஓர் அகதி. 1930இல் பெர்லின் நகரில் பிறந்தவர். தந்தையார் யூதர். குடும்பத்தோடு உணவகம் ஒன்றில் இருந்தபோது அந்தத் தந்தையாரை நாசிகள் கைதுசெய்து கொண்டுபோனார்கள். செல்வாக்குள்ள நண்பர் ஒருவரால் அவர் விடுவிக்கப்பட்டார். 1938இல் குடும்பம் இலண்டனுக்குத் தப்பி வந்தது. அன்ட்ரூவுக்கு அப்போது எட்டு வயது, ஆங்கிலம் தெரியாது. அந்தப் பிள்ளை வளர்ந்து, எவரும் குற்றம் காணமுடியாத ஆங்கிலத்தைக் கற்றுத் தேறி, ஆங்கிலம் தெரியாத வேற்றுநாட்டானாக நடித்துத்தான் நாடறிந்த நடிகரானார். 2016இல் அவர் காலமானபோதும் எல்லாப் பத்திரிகைகளிலும் மனுவேலின் படமே வந்தது. ஸ்பெயின் தொலைக்காட்சியில் அந்தத் தொடரைக் காட்டியபோது தம் நாட்டவனைப் பகிடி பண்ணுவது பொறுக்காமல் மனுவேலை இத்தாலியனாக மாற்றினார்களாம். எவருக்குமே தமக்கு அடுத்த வீட்டுக்காரனின் உச்சரிப்புத்தான் சிரிப்பு.

டொல்சேயின் கதையில் எம்மை நிறுத்திய செய்தி இனித்தான் வருகிறது. மெல்பேர்ணுக்கு வந்த பின்னர் அவர் வெளியிட்ட முதல் இசைத்தட்டு இந்தப் பகிடிப் பாட்டன்று. 1979இல் வந்த அந்த முதற் பாட்டின் பெயர் 'போட் பீப்பிள்', அதாவது படகு மனிதர்.

அது யாரைப் பற்றிய பாட்டு என்பதைப் பெயரே சொல்லும். 1975 ஏப்ரல் 30இல் சைகோன் வீழ்ந்தது. சரியாக ஓராண்டு ஆவதற்கு முன்னர், 1976 ஏப்ரல் 26ஆம் திகதி, ஐந்து வியட்நாமியரோடு ஒரு சிறு மீன்பிடிப் படகு அவுஸ்திரேலியாவின் வடகரையிலுள்ள டார்வின் துறைமுகத்தை அடைந்தது. அதன்பின்னர் அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் படகுகளில் வந்து சேர்ந்தவர்கள் எல்லாருமாகச் சுமார் 2,000 பேர். முகாம்களிலிருந்து விமானத்தில் அழைத்துவரப்பட்டோர் தொகை இதனிலும் பன்மடங்கு. ஆயினும் 'படகு' என்ற சொல்லே மக்களை வெருட்டியது. 1979 யூலையில் ஜெனீவாவில் உலக நாடுகள் கூடி இந்த அகதிகளைப் பகிர்ந்தேற்பது பற்றிப் பேசின. அந்த ஆண்டில்தான் அந்த அகதிகள் நடத்தப்படும் விதத்தைக் கண்டித்து டொல்சே தமது பாட்டை வெளியிட்டார். வியட்நாமிய மொழியில் அது பெயர்க்கப்பட்டு, மெல்பேர்ணில் அப்போதுதான் உருவாகத் தொடங்கியிருந்த வியட்நாமியச் சமூகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுக்கப்பட்டது.

அந்தப் பாட்டு விற்பனைப் பட்டியலில் ஏறவில்லை. அதற்காக 30 ஆண்டுகள் எவரும் மேன்முறையீடு செய்யவும் இல்லை.

பின்னாளில் அந்தப் 'படகு மனிதர்' என்ற பெயர் எமக்கும் வந்து சேர்ந்தது. 1986 ஓகஸ்டில் கனடாவின் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழரை மீனவர்கள் கண்டு காப்பாற்றினார்கள். 2010இல் 'சன் சீ' கப்பல் 492 பேரோடு கனடாவின் மேற்குக் கரையை அடைந்தது. அந்தக் கப்பல்களில் வந்தவர்களுள் சிலரேனும் இந்தப் பத்தியை வாசிக்கக்கூடும். உங்களைப் போன்றவர்களுக்காக, உங்களுக்குப் பல ஆண்டுகள் முன்னரே, ஒரு பகிடிப் பாட்டுக்காரர் ஒரு பாட்டைப் பாடி, அதைக் காசு வாங்காமல் கொடுத்திருக்கிறார் என்பதைத் தெரியப்படுத்துவதே நாம் பேனாவைக் கையிலெடுத்ததன் நோக்கம்.

இவ்விரு பாட்டுகளையும் பாடியவர் ஒருவரே என்பதை முதலில் எம்மால் பொருத்திப் பார்க்க முடியவில்லை. ஒன்று அகதிக்காகப் பரிந்து பேசுகிறது. மற்றது குடிவந்தவளின் பேச்சைப் பகிடியாக்குகிறது. ஆறுதலாக யோசித்தபோது அத்தனை தூரம் இல்லை என்றே தோன்றிற்று. வந்திறங்கும் வியட்நாமியரின் முகத்தில் அவர் தம் பாட்டனாரையும் பாட்டியாரையும் கண்டிருக்கவேண்டும். அவர்களுடைய சத்தம் காதில் இருந்ததனால்தான் இரண்டு பாட்டுகளும் வந்தன. இது எமது ஊகம். பாட்டியார் பேசும்போது அது சாதாரண பேச்சு. அவருடைய பிள்ளைகளுக்கு, கடையிலும் பள்ளிக்கூடத்திலும் அது வெட்கம். மூன்றாம் தலைமுறைக்கு வந்தபோதுதான் அதை உரத்துச் சொல்லிச் சிரிக்கும் துணிவு பிறந்திருக்கிறது. எம் வீடுகளில் நாம் இன்னும் இரண்டாம் படியிலேயே நிற்கிறோம். பெற்றோர் தினத்தில் ஆசிரியரிடம் பேச வாயெடுத்த தாயின் சேலைத் தலைப்பை இழுத்து, "அம்மா, நீங்கள் பேசாதீங்கோ, நான் சொல்லுறன்" என்ற பிள்ளையை நாம் எல்லோருமே கண்டிருக்கிறோம்.

டொல்சேயின் பிற்கால வாழ்வைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அவரை ஒற்றைப் பாட்டுக்காரர் என்பது கணக்குப்படி முற்றிலும் சரியன்று. 1981இல் அவர் பாடிய 'இப் யூ வோண்ட் ரு பி ஹப்பி' என்ற பாட்டும் அவுஸ்திரேலியப் பட்டியலில் முதற் பத்துக்குள் வந்தது. ஆனால் உலகம் அதனைக் கணக்கில் எடுக்கவில்லை. தம் வாழ்க்கைத் துணைவியும் எழுத்தாளருமான லின் வான் ஹெக்குடன் சேர்ந்து அவர் எழுதிய 'இன்ரிமசி' என்ற பாட்டு, 1984இல் வந்த 'த டேர்மினேற்றர்' திரைப்படத்தில் லின்னின் குரலில் ஒலிக்கிறது. அந்தப் படத்தைக் கோடிக்கணக்கானோர் பார்த்திருப்பார்கள், பாட்டை எழுதியவர் யாரென்று ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள். பெண் எழுத்தாளர்கள், கலைஞர்கள் ஆகியோரின் வாழ்வைச் சொல்லும் 'டிபிகல்ட் விமன்' என்ற இசைமேடை நிகழ்ச்சியையும் இருவரும் பல ஆண்டுகள் நடத்தினார்கள். பின்னர் இசைக் கல்லூரி ஒன்றில் பாட்டமைப்புக் கற்பித்தார்.

முதிர்ந்த வயதில் அவர் கவிஞரானார். ஆண்டுதோறும் வெளிவந்த சிறந்த அவுஸ்திரேலியக் கவிதைகள் தொகுப்பில் 2014இலும் 2015இலும் அவருடைய கவிதைகள் இடம்பெற்றன. 2017இல் கன்பராப் பல்கலைக்கழகத்தின் உடல்நலக் கவிதைப் பரிசும் அவருக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது எழுபதளவில். அவரைப் பற்றி எழுதப்படும் எந்தக் குறிப்பும் அந்தப் பகிடிப் பாட்டோடுதான் ஆரம்பமாகிறது. நாமும் அப்படித்தானே ஆரம்பித்தோம்! அந்தப் பாட்டோ 15 மொழிகளுக்குப் போய்விட்டது. அவற்றுள் ஒன்று அவுஸ்திரேலிய ஆதிக்குடிகளின் மொழி. வந்தேறியவரின் உச்சரிப்பைப் பற்றிய பாட்டை, எல்லோரையும் வந்தேறியவராகக் காணும் உரிமையுள்ள மக்கள் தம் மொழியில் பாடுவதில் ஒரு நியாயம் இருக்கிறது.

சென்ற கிழமை இந்தக் கட்டுரைக்காக அந்தப் பாட்டை வீட்டில் மீண்டும் ஒருமுறை போட்டுக் கேட்டோம். பக்கத்தில் சோற்றுக் கோப்பையோடு இருந்த பேரனுக்கு ஒன்பது வயது. இலண்டனில் பிறந்தவன். இரண்டாம் தடவை பல்லவி வந்தபோதே அவன் கூவத் தொடங்கிவிட்டான். பின்னர் எம் பக்கம் திரும்பி, "தாத்தா, இவர் ஏன் பிழையாகச் சொல்லுறார்?" என்று கேட்டான். அது அவருடைய பாட்டியார் பேசிய விதம் என்றோம். "நீங்கள் ஒருக்கால் சொல்லுங்கோ" என்றான். சொன்னோம். எம் வாயில் அந்தப் பெயர் இத்தாலியமுமில்லாமல் ஆங்கிலமுமில்லாமல் பருத்தித்துறைப் பக்கமாகச் சாய்ந்தது. அவன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு உருண்டு உருண்டு சிரித்தான். சிரித்துக்கொண்டே எம் உச்சரிப்பில் அதைத் திரும்பச் சொன்னான், நாமும் சொன்னோம், இருவருமாகக் கூவினோம்.

அப்போது அடுப்படியிலிருந்து எம் இல்லாளின் குரல் வந்தது.

"என்னடா அங்க சத்தம்? வாயைப் பொத்திக்கொண்டு சாப்பிடு பாப்பம்!"